ஐந்து நிமிடத்தைத் தின்றது யார்?

ஸ்வீடன் இயக்குநர் வில்கோட் ஷோமன் 1967-இல் எடுத்த ‘ஐ ஆம் க்யூரியஸ் – எல்லோ’ 121 நிமிடப் படம். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் புழங்கிய பி.ஏ.எல். என்ற டிவி முறைக்கு அதை டிவிடியாக மாற்றினால் 116 நிமிடத்தில் முடிந்துவிடும். படுக்கையறைக் காட்சிகளுக்காக அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்த படம் இது. ஐந்து நிமிடம் குறைந்தால் சென்சார் கத்தரி மேல்தான் முதல் சந்தேகம் விழும். ஆனால் ஒரு காட்சிகூட வெட்டுப்பட்டிருக்காது.

காரணம் நம் சுவரில் உள்ள பிளக்கில் இருக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. பழைய டிவியை அதற்கு இசைவாக நொடிக்கு 25 படம் காட்டும்படி வடிவமைத்தார்கள். சினிமாவோ நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 ஃப்ரேம், ஓடுகிறது. இரண்டையும் பொருத்த எளிய வழி, படத்தையே நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவது. கண்ணுக்கு அது தெரியாது. காதுக்குத் தெரியும்: நாலு கட்டையில் பாடியது நாலரைக் கட்டையை நெருங்கிவிடும். மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்கும் மயிலாப்பூர்க்காரர்கள் யாராவது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிஜமாகவே வெட்டினால் என்ன ஆகும்? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. 35 மில்லிமீட்டர் பிலிமில் படத்துக்குப் பக்கத்திலேயே ஒலி ஒரு மெல்லிய பட்டையாக அச்சாகியிருக்கும். புரொஜெக்டரில் லென்ஸுக்கு எதிரே பிலிம் நொடிக்கு 24 முறை நின்று நின்று நகர்கிறது. அந்தக் குலுக்கலில் ஒலியைப் படிக்க முடியாது. அதனால் பிலிம் சீராக ஓடும் இடத்தில், சற்றுக் கீழே, ஒலியைப் படிக்கும் கருவியை வைத்தார்கள். விளைவாக, ஒரு சட்டகத்துக்குரிய ஒலி சுமார் 20 சட்டகம் முன்னாலேயே அச்சாகிறது.

இப்போது அயல்நாட்டிலிருந்து வந்த பிரிண்டில் ஒரு முத்தத்தை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்தத்தின் படம் போய்விட்டது. அதன் ஒலியின் தொடக்கமோ, வெட்டுக்கு முந்தைய துண்டில் பத்திரமாக இருக்கிறது! திரையில் அடுத்த காட்சி வந்த பிறகும் முக்கால் நொடிக்குச் சற்று மேல், போன காட்சியின் மூச்சொலி கேட்கும். படம் தாவி, சத்தம் பின்தங்கினால் அங்கே கத்தரி விழுந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். வெட்டு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

‘எல்லோ’வை அந்தக் காட்சிகளுக்காக மட்டும் நினைவில் வைப்பது பெரிய அநியாயம். நாயகி லேனா நிமான் ஸ்டாக்ஹோம் தெருக்களில் மைக்கோடு அலைந்து, ஸ்வீடனில் வர்க்கபேதம் இருக்கிறதா என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்கிறார். பின்னாளில் பிரதமரான ஓலோஃப் பால்மே வருகிறார். மார்ட்டின் லூதர் கிங்கின் பேட்டியும் இருக்கிறது. அமெரிக்கச் சுங்கத்துறை படத்தைப் பறிமுதல் செய்தது. 1968-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை விடுவித்தது. இதையும் இதன் இணைப்படமான ‘ப்ளூ’வையும் 2003-இல் கிரைடீரியன் நிறுவனம் டிவிடியாக வெளியிட்டது.

அதே 2003-இல்தான் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் தொடங்கியது. விழாக்களில் சென்சார் சான்றிதழ் இல்லாமல் படம் காட்ட மத்திய அரசு விலக்கு அளிக்க முடியும். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் தியேட்டருக்கும் கடையில் விற்கும் டிஸ்குக்கும் சான்றிதழ் வேண்டும். ஒரே படம் ஒரே ஊரில், விழா அரங்கில் முழுதாகவும் கடை அலமாரியில் குறைந்தும் இருக்கலாம்.

டிவிடிக்கு முன்னால் வீடியோ கேசட் காலம். எண்பதுகளில் தி.நகரிலும் மயிலாப்பூரிலும் கேசட் வாடகைக்கு விடும் லைப்ரரிகள் முளைத்தன. அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் டேப் நகரும் வேகம் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான். அந்த வேகத்தில் படத்தைப் பதியவே முடியாது. ஆகவே டேப்பைப் படிக்கும் ஹெட்டைச் சுழலவிட்டார்கள்: சாய்வாக நிற்கும் ஓர் உருளை நொடிக்கு 25 முறை சுற்றுகிறது, அதில் எதிரெதிரே இரண்டு ஹெட்கள், ஒவ்வொன்றும் டேப்பில் சாய்கோடாக அரைப் படத்தைப் படிக்கிறது. பாஸ் பொத்தானை அழுத்தினால் டேப் நிற்கும், உருளை நிற்காது. ஒரே இடத்தை நொடிக்கு 50 முறை தேய்க்கும், காந்தப் பூச்சு உதிரும், படத்தில் கோடு விழும். பலர் வாடகைக்கு எடுத்த கேசட்டில் எந்த இடத்தில் கோடு அதிகமோ, அங்கேதான் பலர் நிறுத்திப் பார்த்தார்கள்.

பழைய பிலிமிலிருந்து நல்ல டிஸ்க் எடுப்பது தனி வித்தை. ‘எல்லோ’வின் மொத்த நீளம் சுமார் 3.3 கிலோமீட்டர், கபாலி கோயில் வாசலில் விரித்தால் கிட்டத்தட்ட அடையாறு பாலம் வரை வரும். அதில் 1,74,240 சட்டகங்கள். சட்டகத்துக்கு 12 எம்.பி. வீதம் ஸ்கேன் செய்தால் இரண்டு டெராபைட்டைத் தாண்டும். சாதாரண டிவிடி கொள்வது 4.7 ஜி.பி. மிச்சத்தை மென்பொருள் கழிக்கிறது: முந்தைய சட்டகத்திலிருந்து மாறாத சுவரை மறுபடி எழுதாமல், நகர்ந்த தலையை மட்டும் எழுதும்.

தூசி இன்னொரு சவால். வண்ணப் பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியை, தடுப்பதில்லை, தூசி தடுக்கும். அந்த ஒளியில் ஒருமுறை ஸ்கேன் செய்தால் தூசியின் வரைபடமே கிடைத்துவிடும். ‘எல்லோ’ கறுப்பு வெள்ளைப் படம். அதன் உருவமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பையும் தடுக்கும். இயந்திரத்துக்கு லேனாவின் முகமும் தூசிதான்.

இங்கே மனிதக் கண் வேண்டும். வெளிநாட்டுப் படங்களுக்கும் இத்தகைய சீரமைப்பைச் செய்து பேர்பெற்றது சென்னை சாலிகிராமத்தில் உள்ள பிரசாத் நிறுவனம். ஒரே சட்டகத்தில் வந்து மறையும் புள்ளி தூசியாகவும் இருக்கலாம், மழைத்துளியாகவும் இருக்கலாம். முன் சட்டகத்தையும் பின் சட்டகத்தையும் பார்த்து ஒருவர் முடிவு செய்து, பக்கத்துச் சட்டகத்தின் நல்ல பகுதியை நகலெடுத்து அங்கே ஒட்டுகிறார். கை சற்று அதிகமாகப் போனால் வெள்ளித் துகள்களும் சேர்ந்து அழியும். கன்னத்தின் சொரசொரப்பு போய் முகம் வழவழவென்று ஆகிவிடும்.