மாங்கனியும் ஐம்பதில் ஒரு நொடியும்

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். குறைந்த செலவில் படமெடுக்கக் கேமரா தேடுகிறவர்கள், கடைக்காரர் சொல்லும் 4கே கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, விழுகிற ஒரு பழத்தைக் கேமரா எப்படிப் பார்க்கும் என்று யோசிக்கலாம்.

5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பழம் தரையை நெருங்குகையில் நொடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர் வேகத்தில் இருக்கும். சினிமாவில் ஷட்டர் வழக்கமாக ஐம்பதில் ஒரு நொடி அளவுக்குத் திறந்திருக்கும். அதற்குள் பழம் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஃபிரேமில் மிஞ்சுவது ஒரு மஞ்சள் தீற்றல்தான். படத்தை ஓட்டும்போது அந்தத் தீற்றல்தான் ஒரு ஃபிரேமை அடுத்ததோடு ஒட்டவைக்கிறது. ஆயிரத்தில் ஒரு நொடியில் எடுத்தால் பழம் துல்லியமாகத் தெரியும், அசைவோ வெட்டி வெட்டிப் போகும்.

செல்போன் சிக்கிக்கொள்வது இங்கேதான். பெரும்பாலான போன்களில் அபெர்ச்சர் மாறாது. வெயிலில் ஷட்டரை வேகப்படுத்தித்தான் ஒளியைக் குறைக்கும். கேம்கார்டரில் அபெர்ச்சரைச் சுருக்கலாம். ஆனால் சிறிய சென்சாரில் எஃப் 8-ஐத் தாண்டிச் சுருக்கினால் விளிம்பு விளைவால் படம் மழுங்கும். அதனால்தான் தொழில்முறைக் கேம்கார்டர்களில் என்.டி. ஃபில்டரை உள்ளேயே வைக்கிறார்கள்: கேமராவின் கூலிங் கிளாஸ். செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் நான் முதலில் தேடுவது அந்த ஃபில்டரின் சுவிட்சைத்தான்.

இருட்டிய பிறகு அதே ஐம்பதில் ஒரு நொடி வேறொரு காரணத்துக்காக வேண்டியிருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. ஐம்பதில் ஒரு நொடிக்குள் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்குவதால் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். அறுபதில் ஒரு நொடி வைத்தால் இரண்டாவது துடிப்பு பாதியில் அறுபடும். கருப்புப் பட்டைகள் திரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்க, ஜப்பான் சந்தைக்கான பழைய கேமராக்கள் பலவற்றில் நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும் வசதி கிடையாது. அவற்றில் ஷட்டரையாவது கையால் 50-க்கு மாற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது சென்சார். மூன்றில் ஒரு அங்குலம் எனப்படும் வகையின் பரப்பு சுமார் 17 சதுர மில்லிமீட்டர். ஒரு அங்குல வகைக்கு 116. ஒரே காட்சியை ஒரே எஃப் எண்ணில் எடுத்தால் பெரியது ஏறக்குறைய ஏழு மடங்கு ஒளியைப் பிடிக்கும், இரவுக் காட்சியில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் அதனால் அடங்கும். ஆனால் பெரிய சென்சாரில் ஃபோகஸ் ஆழம் குறைவு. நெரிசலில் உதவியாளர் இல்லாமல் தனியாக நிற்கிறவருக்கு, முன்னே நிற்பவரும் பின்னால் வரும் சப்பரமும் சேர்ந்து தெளிவாகத் தெரியும் சிறிய சென்சார் ஒரு வரம். இயக்குநர் டானி பாயில் 2002-இல் வெளிவந்த '28 டேஸ் லேட்டர்' படத்தின் பெரும்பகுதியை எடுத்த கேனான் எக்ஸ்எல்1எஸ் கேமராவில் இருந்தவையும் மூன்றில் ஒரு அங்குலச் சில்லுகளே.

மிச்சமிருக்கும் பணத்தை லென்ஸில் போடாமல் தனி மைக்குக்கும் அதன் ரோம உறைக்கும் வைத்துக்கொள்வது நல்லது. காரைக்கால் கடற்கரைக் காற்றில் கேமராவின் சொந்த மைக் வசனத்தை விழுங்கிவிடும்.