நிறுத்தாமல் ஓடும் கணினியை நிறுத்துவது எப்படி?

வீட்டுக் கணினி சற்று முரண்டு பிடித்தால், அதனை அணைத்துவிட்டு மீண்டும் முடுக்குவது வழக்கம். ஓரிரு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால், ஒரு பள்ளியின் இணையத்தளத்தையோ மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளையோ தாங்கியிருக்கும் வழங்கிக் கணினியை நினைத்த நேரத்தில் அப்படி அணைக்க முடியாது. பேச்சு வழக்கில் 'சர்வர்' எனப்படும் இக்கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இதற்குத் திரையும் இராது, விசைப்பலகையும் இராது. குளிரூட்டப்பட்ட தரவு மையத்தில் இது இருக்க, இதன் நிர்வாகி வேறோர் இடத்திலிருந்து வலையமைப்பின் வழியே கட்டளையிடுவார். மறுதொடக்கத்திற்குப் பிறகு வழங்கி எழவில்லையென்றால், அவருக்குக் கிடைப்பது பதிலில்லாத மௌனம் மட்டுமே.

அப்படியானால் ஏன் மறுதொடக்கம் செய்ய வேண்டும்? உலகின் மிகப் பல வழங்கிகள் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகின்றன. இதன் கருவாக விளங்கும் 'கெர்னல்' என்னும் நிரலை, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எந்தக் கோப்பில் என்ன உரிமை என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது கெர்னலே. கணினி தொடங்கும்போது அது வட்டிலிருந்து நினைவகத்திற்கு ஏற்றப்படுகிறது. அதன்பின் புதிய கெர்னலை நிறுவினாலும், அது வட்டில் ஒரு கோப்பாகக் காத்திருக்குமே தவிர, நினைவகத்தில் பழையதே ஆட்சி செய்யும். மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் நோய் தீராது அல்லவா?

இதன் தீவிரத்தை 2016ஆம் ஆண்டு அக்டோபரில் உலகம் கண்டது. 'டர்ட்டி கவ்' என்று பெயரிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டை அப்போது வெளிச்சத்திற்கு வந்தது. 'எழுதும்போது நகலெடுத்தல்' என்ற நினைவக நுட்பத்தில் அவ்வழு இருந்தது. அந்நுட்பத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து பசுவைக் குறிக்கும் சொல்லாக அமைந்ததால் வந்த வேடிக்கைப் பெயர் அது. விளைவு வேடிக்கையானதன்று. படிக்க மட்டுமே உரிமையுள்ள ஒரு சாதாரணப் பயனர், அந்தக் கோப்பில் எழுதி, கணினி முழுவதையும் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. 2007ஆம் ஆண்டு முதலே அவ்வழு கெர்னலில் மறைந்திருந்தது. திருத்தம் விரைவில் வந்தது; ஆயினும், திருத்தத்தை நிறுவிவிட்டு மறுதொடக்கம் செய்யாத வழங்கிகளில் கதவு திறந்தே கிடந்தது. 'எங்கள் வழங்கி ஆயிரம் நாளாக நிற்காமல் ஓடுகிறது' என்று பெருமைப்படுவோர் உண்டு. ஆயிரம் நாளாகப் பழைய கெர்னலையே நம்பியிருக்கிறோம் என்பதும் பெரும்பாலும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

நெடுநாள் ஓடிய வழங்கியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இடையில் பலர் பல மாற்றங்களைச் செய்திருப்பர். மீண்டும் தொடங்கும்போது அவற்றுள் எது தடுக்கி விழச் செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அதனால், அனுபவமுள்ள நிர்வாகிகள் சிலர் புதுப்பிப்பதற்கு முன்பே ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்பர். அப்போது சிக்கல் வந்தால், குற்றவாளி புதிய கெர்னல் இல்லை என்பது தெளிவாகிவிடும்.

சிக்கல்கள் பெரும்பாலும் சிறிய இடங்களிலேயே பிறக்கின்றன. கெர்னல் கோப்புகள் இருக்கும் 'பூட்' என்ற பகுதி நிரம்பியிருந்தால், தொடக்கத்திற்குத் தேவையான கோப்பு முழுமையாக எழுதப்படாமல் போகலாம். தொடங்கும்போது இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கும். என்றோ கழற்றிவிட்ட வட்டின் பெயர் அதில் இன்னும் இருந்தால், வழங்கி அதைத் தேடிக் காத்திருந்து, கடைசியில் அவசர நிலைக்குச் சென்று நின்றுவிடக்கூடும். ஒரு செயலியை யாரோ கையால் கட்டளையிட்டு ஓடவிட்டிருந்தால், மறுதொடக்கத்திற்குப் பின் அது தானாக எழாது. இவற்றையெல்லாம் முன்கூட்டியே சோதித்துவிடலாம்.

காப்பு நகல் எடுத்து, அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று பார்த்தபின், பயனர்களுக்கு நேரத்தை அறிவிக்க வேண்டும். இயங்குதளத்தைச் சாராமல் வழங்கியின் திரையைத் தொலைவிலிருந்து காணும் வசதி பல வழங்கிகளில் உண்டு. அது வேலை செய்கிறதா என்பதைத் தேவைப்படும் நேரத்தில் கண்டுபிடிப்பது மிகத் தாமதமாகும். ஒரே பணியைப் பல வழங்கிகள் பகிர்ந்து செய்யுமானால், ஒன்று எழுந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

மறுதொடக்கக் கட்டளை கிடைத்ததும், ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளிடம் 'வேலையை முடித்துக்கொள்' என்று முதலில் சொல்லப்படும். இன்றைய பல லினக்ஸ் வகைகளில் இதற்கு இயல்பாக 90 நொடி அவகாசம் தரப்படுகிறது. அதற்குள் முடிக்காத செயலி வலுக்கட்டாயமாக நிறுத்தப்படும். தரவுத்தளங்கள் இந்த அவகாசத்தில்தான் தங்கள் கணக்கை முறையாக முடித்துக்கொள்கின்றன. நினைவகத்தில் தங்கியிருக்கும் எழுதப்படாத தரவும் பின்னர் வட்டில் எழுதப்படும். மின்சாரத்தைப் பிடுங்கினால் இவற்றுக்கு வழியே இல்லை.

புதிய கெர்னலே எழ மறுத்தால் என்ன செய்வது? இதற்கு அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. கணினியைத் தொடக்கிவைக்கும் 'கிரப்' என்னும் நிரலிடம், 'இந்த ஒருமுறை மட்டும் புதியதை ஏற்று. அடுத்த முறை பழையதையே ஏற்று' என்று சொல்லிவைக்கலாம். கெர்னல் நிலைகுலைந்தால் சில நொடிகளில் வழங்கி தானே மறுதொடக்கம் ஆகும்படியும் அமைக்கலாம். இரண்டும் சேர்ந்தால், புதிய கெர்னல் வீழ்ந்தவுடன் யாரும் தொடாமலேயே பழையது திரும்பி வந்துவிடும்.

பெரிய வழங்கிகள் தங்கள் நினைவகத்தைச் சோதித்து எழுவதற்கே சில நிமிடங்கள் ஆகும். பொறுமையிழந்து மின்விசையை அழுத்துவோர் அவ்வேளையில்தான் கேடு விளைவிக்கின்றனர். வழங்கி எழுந்ததும், 'யூநேம்' கட்டளையால் ஓடுவது புதிய கெர்னல்தானா என்று பார்ப்பது முதல் வேலை. பின்னர், எழாமல் போன சேவைகளின் பட்டியலையும் பதிவேட்டில் உள்ள பிழைகளையும் பார்த்து, ஒரு பயனரைப் போலவே இணையத்தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். புதிய கெர்னல் சில நாள் சீராக ஓடும்வரை பழையதை நீக்காமல் வைத்திருப்பர்.