பெரிய வரைபடங்களுக்குப் புதிய நகல் கருவி

காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜசாகர் அணையைக் கட்டும் பணி 1911இல் தொடங்கியபோது, பொறியியல் வரைபடங்களை நகலெடுக்க உலகெங்கும் நீலப்படி முறையே வழக்கில் இருந்தது. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த அம்முறையில் நீலப் பரப்பில் வெண்கோடுகள் தோன்றும். பின்னர் வந்த அம்மோனியா முறை வெண்தாளில் நீலக் கோடுகளைத் தந்தது. பொறியியல் கல்லூரிகளும் ஆலைகளும் ரயில்வே பணிமனையும் நிறைந்த மைசூருவில் வரைபட நகலெடுப்பு இன்றும் தேவையான தொழிலே. மாற வேண்டியது கருவி மட்டுமே.

அம்மோனியா முறையில், டிரேசிங் தாளின் வழியே புற ஊதா ஒளி பாய்ந்து, கோடு மறைக்காத இடங்களில் உள்ள வேதிப்பூச்சைச் சிதைத்துவிடுகிறது. எஞ்சிய பூச்சு அம்மோனியா ஆவி பட்டதும் நிறம் பெறுகிறது. ஆவியின் நெடி கண்ணையும் மூச்சுக் குழலையும் வருத்தும். படிகள் வெளிச்சத்தில் மங்கும். அளவை மாற்றி நகலெடுக்கவும் இயலாது. கணினியிலேயே வரைபவர்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், டிரேசிங் தாளைக் கொண்டுவருவோரும் அரிதாகிவிட்டனர்.

புதிய கருவி வாங்குவோர் சிலவற்றைக் கவனித்தல் நன்று. ஏ0 தாள் 841 மி.மீ. அகலமும் 1189 மி.மீ. நீளமும் உடையது, ஸ்கேனரும் அச்சு இயந்திரமும் அந்த அகலத்தை ஏற்க வேண்டும். அளவு தெரிந்த கோடொன்றை நகலெடுத்து அளந்து பார்த்த பின்னரே வாங்குங்கள். அளவு பிசகினால் கட்டுமானமே பிசகும். கட்டுமான இடத்துக்குச் செல்லும் படிகளுக்கு, நீரையும் வெயிலையும் ஓரளவு தாங்கும் நிறமி மை ஏற்றது.

கடன் பெறுமுன் ஒரு கணக்குப் போடுங்கள். எடுத்துக்காட்டாக, மாதத் தவணை 12,000 ரூபாய் என்றும், தாள், மை, மின்சாரம், பராமரிப்புச் செலவு போக ஒரு படிக்கு 30 ரூபாய் மிஞ்சும் என்றும் கொள்வோம். தவணைக்கே மாதம் 400 படிகள் வேண்டும். 25 வேலை நாள்களில், நாளொன்றுக்கு 16 படிகள். உங்கள் கடைக்கு வரும் வேலை அதற்குக் குறைவாயின், பயன்படுத்திய கருவியையோ சிறிய கருவியையோ நாடலாம். 2015இல் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில் சிறு தொழில்களுக்குப் பிணையின்றிக் கடன் கிடைக்கிறது. விலைப்புள்ளி, கணக்கு அறிக்கை, தொழில் பதிவுச் சான்று ஆகியவற்றுடன் கிளையை அணுகுங்கள்.

பழைய கருவியை அகற்றுமுன் மற்றொரு கடமை உண்டு. அலமாரியில் உறங்கும் பழைய வரைபடங்களை உரியவர்களின் இசைவுடன் முதலில் ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். ஒரு வீட்டின் அடித்தளமும் குழாய்ப் பாதையும் அம்மங்கிய தாளில் மட்டுமே பதிவாகியிருக்கக்கூடும். கருவியின் விளக்கில் பாதரசம் இருக்கக்கூடும் என்பதால், அதை அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடமே ஒப்படையுங்கள். மிஞ்சிய அம்மோனியாவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

கருவி பழையதாகலாம், அது படியெடுத்த வரைபடங்களின் தேவை பழையதாவதில்லை.