சித்தப்பாவின் கோல்ஃப் பை: வெயில் நாட்டுக்கு எதைக் கட்டி எடுத்து வருவது?

கனடாவிலிருந்து சித்தப்பா பெப்ரவரியில் வருகிறார். ஒரு வாரம் எஹலியகொடையில் எங்களோடு, மறு வாரம் கோல்ஃப். "என்ன மகள் கொண்டு வாறது? வெயில் எப்பிடி இருக்கும்?" என்று தொலைபேசியில் கேட்டார்.

இறப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு கோல்ஃப் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். கனடாவுக்குப் போன புதிதில் அவருக்குக் கிடைத்தது கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல் வெட்டும் வேலை. ஆட்கள் குறைந்த மாலைகளில் வேலையாட்களும் விளையாட விட்டார்களாம். அப்படித் தொடங்கியது.

அவர் கேட்ட கேள்வியையே இந்த விடுமுறையில் ஊருக்கு வரவிருக்கும் பலரும் கேட்கக்கூடும். அதனால் விசாரித்து அறிந்ததை இங்கே தருகிறேன்.

எங்கே விளையாடுவது?

இடத்தைத் தீர்மானித்த பிறகே பையைக் கட்ட வேண்டும். நுவரெலியா மைதானம் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காலையில் சுவெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. கண்டிக்கு அருகில் திகனையில் உள்ள விக்டோரியா, அம்பாந்தோட்டையில் உள்ள ஷங்ரி-லா, கொழும்பு ஆகிய மூன்றும் வெயில் இடங்கள். திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் மைதானமும் இருக்கிறது என்றேன். "அது வேணாம் மகள்" என்றார். நான் காரணம் கேட்கவில்லை.

கடைசியில் கொழும்பு என்று முடிவானது. ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879 இல் தொடங்கப்பட்டது. பொரளையில் உள்ள இன்றைய இடத்துக்கு 1896 இல் வந்தது. களனிவெளி ரயில் பாதை மைதானத்தின் ஊடாகவே போகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். அதே பாதைதான் 1912 இல் எஹலியகொட வழியாக இரத்தினபுரி வரை நீண்டு, தோட்டங்களின் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டுபோனது. அவிசாவளைக்கு அப்பால் அது 1976 இல் மூடப்பட்டது. சிறுவயதில் அந்த ரயிலில் ஏறிய நினைவு சித்தப்பாவுக்கு இருக்கிறது.

வெயிலும் வியர்வையும்

இலங்கை பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால், தெளிவான நாளின் நண்பகலில் புறஊதாக் கதிர்ச் சுட்டி 11ஐத் தாண்டுவது சாதாரணம். மெல்லிய துணியில் முழுக்கைச் சட்டை, கழுத்தையும் காதையும் மறைக்கும் அகன்ற தொப்பி, குறைந்தது எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன் ஆகியவை அவசியம். வியர்வையில் சன்ஸ்கிரீன் கரைந்துவிடும் என்பதால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கழகங்கள் பொதுவாகக் கொலர் வைத்த சட்டையையே கேட்கும். ஜீன்ஸை அனுமதிப்பது குறைவு.

குளிர் நாட்டிலிருந்து வருபவர்கள் மறப்பது கையுறையை. அங்கே ஒரு கையுறை பல ஆட்டங்களுக்குப் போதும். இங்கே சில குழிகள் ஆடி முடிப்பதற்குள் நனைந்து வழுக்கும். மூன்று நான்கு கொண்டுவந்து, மாற்றி மாற்றிக் காயவைத்துப் போடுவது நல்லது. கைப்பிடியைத் துடைக்க இரண்டு துவாய்கள் வேண்டும். ஜீவனி பக்கெற் இங்கே எந்தப் பாமசியிலும் கிடைக்கும்; அதைச் சுமந்து வரத் தேவையில்லை.

ஆட்டத்தை விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது புத்தி. என் அம்மாவும் அப்படித்தான் செய்தார். வெயில் ஏறினால் இறப்பர் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டோடு எழும்பி மலைக்குப் போவார். பெப்ரவரியில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது அவருக்கு நிழலும் இருக்காது. தலையில் ஒரு துணி, கையில் கத்தி, வாளி, அவ்வளவுதான்.

மழையும் மின்னலும்

எங்கள் பகுதியில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. ஜனவரியும் பெப்ரவரியும் குறைந்த மாதங்கள்தான், ஆனால் மழையே இல்லாத மாதம் இல்லை. மெல்லிய மழைச்சட்டை, பைக்கு ஓர் உறை, இரண்டாவது சோடிக் காலணி கொண்டு வரலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடிமின்னல் அதிகம். இடி கேட்டால் மட்டையையும் குடையையும் விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக்கூடாது.

பழைய காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிவிட்டே பையில் வையுங்கள். தென்னமெரிக்காவில் இறப்பர் தோட்டங்களை நாசமாக்கிய இலைக்கருகல் நோய் ஆசியாவுக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் விடுமுறைக்குப் போய்விட்டு இங்கே வருபவர்கள் உடுப்பையும் துவைத்துக்கொண்டு வர வேண்டும். எஹலியகொடையில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு இறப்பரால்தான் எரிகிறது.

யார் தோளில் சுமை?

விதிப்படி ஓர் ஆட்டத்துக்கு 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம். கட்டாயம் 14 வேண்டும் என்றில்லை. பந்து ஒன்றின் நிறை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதும் விதி. இரண்டு டசின் பந்துகள் என்றால் ஒரு கிலோவைத் தாண்டும். மட்டை ஒன்று ஏறத்தாழ 300 முதல் 450 கிராம் வரை வரும். ஐந்து மட்டைகளை வீட்டில் விட்டால் இரண்டு கிலோ அளவில் குறையும். விமானத்தில் அனுப்பும்போது மட்டைத் தலைகளைத் துவாயால் சுற்றுங்கள். உதிரி லித்தியம் பற்றரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

நிறையைக் குறைக்கச் சொல்வது விமானத்துக்காக மட்டுமல்ல. இங்கே பையைத் தோளில் போட்டு நடப்பவர் பெரும்பாலும் கெடி. 18 குழிகள் என்றால் எட்டுக் கிலோமீற்றருக்கும் மேல் நடை. நீங்கள் ஒருநாள் விளையாடும் அதே வெயிலில் அவர் வாரம் முழுக்க நடக்கிறார். இதைச் சொன்னதும் சித்தப்பா தன் மட்டைகளை ஒன்பதாகக் குறைத்தார். போகும்போது பந்துகளையும் கையுறைகளையும் கெடியிடமே கொடுத்துவிடப் போகிறாராம்.

கைப்பையில் ஒரு தாள்

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டத் தமிழர்கள் மீது தாக்குதல் நடந்தபோது சித்தப்பாவுக்கு 17 வயது. அப்பா வெளியூரில் வேலையில் இருந்தார். சித்தப்பாவும் அப்பாயியும் ஓர் இரவில் ஓர் உரப்பையைக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்கள். இரண்டு சீலை, ஒரு சட்டி, பிறப்புச் சான்றிதழ்கள், சித்தப்பாவின் பால் வெட்டும் கத்தி. அங்கே இறப்பர் மரமே இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. சித்தப்பா வெளிநாடு போன பின்னும் அப்பாயி அந்தப் பையை இடப்பெயர்வுக்கு இடப்பெயர்வு தூக்கிக்கொண்டு திரிந்தார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் அது போனது.

அதனால் பயணப் பட்டியலில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன்: பிறந்த திகதி, பெற்றோரின் முழுப்பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். இவை இருந்தால், பிறப்புப் பதிவு உள்ள பிரதேச செயலகத்தில் பதிவைத் தேடி பிரதி பெற விண்ணப்பிக்கலாம். ஆவணங்களை இழந்த எவரும் ஊருக்கு வரும்போது இதற்காக ஒரு வேலைநாளை ஒதுக்கி வையுங்கள்.

"இந்த வயசில உங்களுக்கு அது எதுக்கு சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்டுக்கும் இல்ல மகள். நான் எஹலியகொடையில பிறந்தனான் எண்டு ஒரு தாள் கையில இருக்கட்டும்" என்றார்.

கோல்ஃப் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. திங்கட்கிழமை செயலகம் திறந்திருக்கும்.