அடிக்கடல் தூண்டில்

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்கள் சிலவற்றில், பெட்டி படுக்கையோடு ஒரு தூண்டிலும் இப்போது சேர்ந்துகொள்கிறது. தென்பாண்டிக் கரையில் உறவினர் உள்ளவர்களுக்கு வள்ளம் ஏறிக் கடலுக்குள் செல்லும் வாய்ப்பும் கிட்டுகிறது. அத்தகைய அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி, நான் கண்டும் கேட்டும் அறிந்த சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மணப்பாட்டில் என் மனைவியின் சிற்றப்பாவோடு கடலுக்குச் சென்றிருந்தேன். நகரத்தில் விலை கொடுத்து வாங்கிய முட்களை ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்திற்குள் ஐந்து முட்களைக் கடலடிப் பாறைகளுக்குக் காணிக்கையாக்கினேன். பெரியவர் சிரிக்கவில்லை. “மாப்பிள்ளை, முதல்ல அடி என்னன்னு பாருங்க. அப்புறம் மீனைத் தேடலாம்” என்றார். அன்று கற்ற முதற்பாடம் அதுவே.

அடியை அறிதல்

கடலின் அடி எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓரிடம் மணல், ஓரிடம் சேறு, ஓரிடம் ‘பார்’ எனப்படும் பாறைத்திட்டு. குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலும் கரையிலுள்ள வேறோர் அடையாளமும் ஒரே கோட்டில் வரும் இடத்தையும், மற்றொரு திசையில் அதுபோன்ற வேறொரு கோட்டையும் கண்டு, இரண்டும் வெட்டும் இடத்தில் பார் இருப்பதைப் பெரியவர் கண்ணாலேயே குறித்துவிடுவார். ஐயம் எழுந்தால் ஈயக்குண்டின் அடியில் சிறிது மெழுகைப் பூசி இறக்கலாம். மணலானால் மணல் ஒட்டி வரும். சேறானால் சேறு வரும். பாறையானால் வெறும் வடுவே தெரியும். கயிற்றைப் பாகம் பாகமாக அளந்து விடுவதால் ஆழமும் தெரிந்துவிடும். இரு கைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம். ஏறத்தாழ 6 அடி.

கலவாவும் செப்பிலியும் பாரை அண்டி வாழ்வன. விளமீன் பாரின் ஓரத்து மணலில் மேயும். எதை நாடுகிறோமோ அதற்கேற்பவே மற்றவை அமையவேண்டும்.

கட்டும் முறை

பாருக்கு உரிய கட்டு எளியது. நரம்பின் நுனியில் ஈயம். அதற்கு மேலே இரண்டு அல்லது மூன்று குறுகிய கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு முள். கிளைகள் ஒன்றோடொன்று சிக்காதபடி, இடைவெளி இரு கிளைகளின் நீளத்தையும் சேர்த்ததைவிடச் சற்று மிகுந்திருக்கவேண்டும். ஈயத்தை மட்டும் வலிமை குறைந்த நூலால் கட்டுவது இதன் நுட்பம். பாறையில் ஈயம் மாட்டிக்கொண்டால் அந்த நூல் அறும். முள்ளும் மீனும் நம்மிடமே தங்கும். ஈயம் அடியைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கிப் பிடித்தால் இழப்பு மேலும் குறையும்.

மணலுக்கு ஓடும் ஈயம் ஏற்றது. துளையுள்ள ஈயத்தின் வழியே நரம்பு தடையின்றி ஓடும். ஈயத்திற்குக் கீழே ஒரு சுழல்வளையம். அதிலிருந்து ஒரு பாக நீளத்திற்கு மெல்லிய நரம்பும் ஒரே முள்ளும். ஐயுற்று ஐயுற்று இரையைக் கவ்வும் மீன், ஈயத்தின் பாரத்தை உணராது. ஊளி போன்ற கூர்ப்பல் மீன்கள் திரியும் இடத்தில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி வேண்டும். இல்லையேல் நரம்பு நொடியில் அறுந்துவிடும்.

ஈயத்தின் எடைக்கு நீரோட்டமே அளவு. நரம்பு நேராக இறங்கவேண்டும். வெகுவாகச் சாய்ந்து சென்றால் எடை போதாது என்று பொருள்.

இரை

கணவாய்த் துண்டு உறுதியானது. சிறுமீன்கள் கொத்தினாலும் முள்ளை விட்டு எளிதில் நீங்காது. சாளையின் எண்ணெய் மணம் மீனைத் தொலைவிலிருந்து அழைக்கும். ஆனால் தசை மென்மையானது. ஆகையால் அதை நூலால் சுற்றிக் கட்டுவார்கள்; அல்லது முந்தின இரவே உப்பிட்டு இறுகச் செய்வார்கள். எந்த இரையாயினும் முள்ளின் முனை வெளியே தெரியவேண்டும். துண்டு நீரில் சுழலாமல் நேராகத் தொங்கவேண்டும். சுழன்றால் நரம்பு முறுக்கேறும். கெட்டுப்போன இரையை மீன் மதிப்பதில்லை.

முள்

முட்களின் எண்முறை புதியவர்களைக் குழப்பும். 10, 8, 6 என எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என ஏற ஏற மேலும் பெரிதாகும். முனை உள்நோக்கி வளைந்த வட்டமுள் மீனின் வாயோரத்தில் மாட்டும். குடலுக்குள் இறங்குவது அரிது. அதைப் பயன்படுத்துவோர் வெடுக்கென்று இழுக்கலாகாது. மெல்ல நரம்பைச் சுற்றினால் போதும்.

முள்ளை இறுதியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அன்று என் சிறு முள்ளில் கையளவே உள்ள கலவாக் குஞ்சு ஒன்று சிக்கியது. இரக்கப்பட்டுக் கடலில் விட்டேன். அது நீந்தவில்லை; வயிறு ஊதி, மல்லாந்து மிதந்தது. சற்றுநேரத்தில் ஒரு பறவை கொத்திச் சென்றது.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 30 மீட்டரிலிருந்து விரைந்து மேலே வரும் மீனின் காற்றுப்பையில் உள்ள காற்று ஏறத்தாழ நான்கு மடங்காக விரிய முயல்கிறது. ஈயத்தில் பிணைத்து மீண்டும் ஆழத்தில் இறக்கிவிட்டால் சில மீன்கள் பிழைக்கும். வெறுமனே எறிந்தால் பல பிழைப்பதில்லை. கலவாவோ மெதுவாக வளர்வது. பெண்ணாகத் தொடங்கி, பெரிதான பின்னரே சில ஆணாக மாறும் இயல்புடையது. குஞ்சைக் கொன்றால் நாளைய தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “திருப்பிப் போட்டா உயிர் திரும்புமா மாப்பிள்ளை? குஞ்சு வேண்டாம்னா, கரையிலேயே பெரிய முள்ளாக் கட்டியிருக்கணும்” என்றார்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல், 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. அங்கே தூண்டில் போடலாகாது. மற்ற இடங்களில் காவல் நம் கையிலுள்ள முள்ளே. ஊர் செல்லும் பிள்ளைகள் தூண்டிற்பெட்டியைத் திறக்கும்போது, சிறு முட்களை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லட்டும். அந்தக் கடலை நம்பி அடுப்பு மூட்டும் உறவினர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை அது.