மழை ஓடினால் மண்ணும் ஓடும்: கேமரன் மலை சொல்லும் பாடம்



‘மண்ணையும் நீரையும் காப்போம்’ என்று கட்டுரைத் தலைப்பு வந்தால் நம்மில் பலர் என்ன எழுதுவோம்? ‘மரம் நட வேண்டும், அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடுவோம். அது தப்பில்லை. ஆனால் அதில் விளக்கம் எங்கே? மண் ஏன் போகிறது, போய் எங்கே சேர்கிறது, எப்படி நிறுத்துவது ஆகிய மூன்றையும் ஓர் உண்மையான இடத்தை வைத்துப் புரிந்துகொண்டால் கட்டுரையும் தானாகவே வளரும். அந்த இடம் நமக்கெல்லாம் தெரிந்த கேமரன் மலைதான்.

மண் எப்படிப் போகிறது?

பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலையில் ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. காடு இருந்தவரை அந்த மழை நேராக மண்ணில் விழவில்லை. முதலில் இலைகளில் விழும். பிறகு சருகில் சொட்டும். அதன்பின் மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். வேர்கள் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

காட்டை வெட்டி, சரிவைக் கொத்திக் காய்கறி போட்டால் என்ன ஆகும்? மழைத்துளி வெற்று மண்ணில் நேராக மோதி, மண் துகள்களைச் சிதறடிக்கும். சிதறிய துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடும். சரிவு கூடக் கூட வேகமும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஓடும் நீரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். அந்த ஆற்றல்தான் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறது. போவதும் சாதாரண மண் அல்ல. உரமும் மக்கிய இலைதழையும் நிறைந்த மேல்மண்.

அதே மலையில் தேயிலைத் தோட்டங்களும் உண்டு. அங்கே மண் இழப்பு காய்கறித் தோட்டத்தை விடக் குறைவு. காரணம் எளிது. வளர்ந்த தேயிலைச் செடிகள் நெருக்கமாக நின்று தரையை மூடிக்கொள்கின்றன. கவாத்து செய்த கிளைகளும் இலைகளும் தரையிலேயே கிடக்கின்றன. ஆண்டில் பல முறை மண்ணைக் கிளற வேண்டிய அவசியமும் இல்லை.

போன மண் எங்கே சேர்கிறது?

மேல்மண் போனால் விவசாயிக்குத்தானே நட்டம் என்று நினைக்காதீர்கள். மண் ஆற்றில் கலந்து கீழே போகிறது. ரிங்லெட்டில் 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை இருக்கிறது. அதன் நீர் சுரங்கப்பாதை வழியாகப் போய் மின்சாரம் தருகிறது. மேலேயிருந்து வரும் வண்டல் இந்த நீர்த்தேக்கத்தின் அடியில் படிகிறது. வண்டல் படியப் படியத் தண்ணீருக்கு இடம் குறைகிறது. அதைத் தோண்டி அள்ளுவது பெரும் செலவு பிடிக்கும், முடிவில்லாத வேலை.

2013 அக்டோபர் 23ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். கனமழையால் நீர்மட்டம் ஏறியதால் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழே உள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து வீடுகள் நாசமாயின, உயிர்களும் பலியாயின. வண்டல் ஒன்றே இதற்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். ஆறு குறுகிப்போனதும், கரையை ஒட்டி வீடுகள் இருந்ததும் சேதத்தைக் கூட்டின. ஒரு விளைவுக்குப் பல காரணம் இருக்கலாம் என்று காட்டினால்தான் அது நல்ல விளக்கக் கட்டுரை.

எப்படி நிறுத்துவது?

எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே: ஓடும் நீரை நடக்க வை, நடக்கும் நீரை நிற்க வை, நிற்கும் நீரை மண்ணுக்குள் இறக்கு.

முதலாவது, படிக்கட்டு நிலம். சரிவைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும்படி அமைக்க வேண்டும். அப்போது நீர் விளிம்பைத் தாண்டிக் கொட்டாமல் உள்பக்க வாய்க்காலில் சேரும். அரைகுறையாக வெட்டினால் படியே சரிந்து விழும்.

இரண்டாவது, மூடாக்கு. வைக்கோல், காய்ந்த புல், சருகு எதுவானாலும் வெற்று மண்ணை மூடினால் மழைத்துளியின் அடி மண்ணில் படாது.

மூன்றாவது, வண்டல் குழி. வாய்க்கால் வழியில் குழி வெட்டினால் நீர் அங்கே தயங்கி நிற்கும். மண் அடியில் தங்கும். அதை அள்ளி மறுபடியும் தோட்டத்திலேயே போடலாம். நம் தாத்தா பாட்டி காலத்து ரப்பர் தோட்டங்களிலும் இப்படிக் குழி வெட்டினார்கள். இளம் ரப்பர் கன்றுகளுக்கு இடையே அவரையினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டதும் இதே நோக்கத்தில்தான். வீட்டில் தோட்டத்து வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் இல்லாத விவரம் கிடைக்கும்.

நான்காவது, வெட்டிவேர். ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் இந்தப் புல்லுக்கு வழங்கும் பெயர் தமிழிலிருந்து போனதுதான். இதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம்கூடப் போகும். சரிவின் குறுக்கே வரிசையாக நட்டால் உயிருள்ள வேலிபோல நின்று மண்ணைத் தடுக்கும்.

ஐந்தாவது, பிளாஸ்டிக் கூரை. கூரை இருந்தால் மண் தப்பித்ததே என்று தோன்றும். ஆனால் கூரையில் விழும் மழை முழுவதும் மண்ணில் இறங்காமல் ஒரே நேரத்தில் வெளியே கொட்டும். அதனால் பீலி வைத்துத் தொட்டியில் பிடிக்க வேண்டும். அந்த நீரே பாசனத்துக்கும் உதவும்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

‘விவசாயிகளுக்கு அக்கறை இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். கேமரன் மலையில் பல விவசாயிகள் நீண்ட காலம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில்தான் பயிர் செய்து வந்தார்கள். படிக்கட்டு நிலம் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாதவர் அதில் பணம் போடுவாரா? செலவு மேலே இருப்பவருக்கு, நன்மை கீழே இருப்பவருக்கு. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1960ஆம் ஆண்டிலேயே நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சட்டத்தால் மட்டும் இந்த முடிச்சு அவிழவில்லை.

வகுப்பில் செய்து பாருங்கள்

ஆசிரியர்களே, மூன்று பெரிய நெகிழிப் புட்டிகளின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே வகை மண்ணை ஒரே அளவு நிரப்புங்கள். ஒன்றை வெறுமனே விடுங்கள். ஒன்றில் சருகு பரப்புங்கள். ஒன்றில் வேரோடு புல் பதியுங்கள். ஒரே சாய்வில் வைத்து, பூவாளியால் அரை லிட்டர் நீர் ஊற்றி, வாய்ப்பக்கம் வடியும் நீரைக் குவளையில் பிடியுங்கள். எந்தக் குவளை தெளிவாக இருக்கிறது? எதில் நீர் குறைவு? தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றை மாணவர்களே சொல்லட்டும்.

சிந்தனைக்கு

1. காய்கறித் தோட்டத்தை விடத் தேயிலைத் தோட்டத்தில் மண் இழப்பு குறைவு. இரண்டு காரணங்களை விளக்குக.
2. மேலே உள்ள விவசாயியின் செலவைக் கீழே வாழ்பவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பார்கள். அணை இருந்தும் வெள்ளம் வந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கை வைத்து இக்கூற்றை ஆராய்க.

மூன்றாவது கேள்விக்கு ஒரு சின்னக் குறிப்பு: அணைக்கு வரும் மண்ணை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று யோசியுங்கள். விடை அணையில் இல்லை. மேலே, கோசு வளரும் சரிவில் இருக்கிறது.