நாள் முழுக்க நடக்கிறவனுக்கு இன்னும் என்ன நடை?

"பால் வெட்டுறவன் விடியறதுக்கு முன்னாடி இருந்து மத்தியானம் வரைக்கும் நடந்துக்கிட்டேதான் இருக்கான். அவனைப் போயி இன்னும் நட, நடன்னு சொல்றீங்களே, இது என்ன நியாயம்?"

நடைப் பயிற்சி என்று பேச்செடுத்தால் தோட்டத்தில் எழுகின்ற முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஆகவே அதற்குப் பதிலைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு நம் கெடா மாநிலத்தில் குடும்பத்தோடு காலாற நடக்கத்தக்க சில இடங்களைச் சொல்கிறோம்.

வேலை நடை வேறு, உடலுக்கான நடை வேறு. மரம் வெட்டுகிறவர் பத்தடி நடப்பார், நிற்பார், குனிவார், கத்தியை இழுப்பார், அடுத்த மரத்துக்குப் போவார். பால் எடுக்கும் நேரத்தில் ஒரு கையிலோ இரு கையிலோ வாளி தொங்கும். செம்பனையில் குலை வெட்டுகிறவரோ கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டே அரை நாளைக் கழிக்கிறார். முதுகும் தோளும் முழங்காலும் இதிலே தேய்கின்றன. கை வீசி, தோளில் பாரமில்லாமல், நிற்காமல் அரை மணி நேரம் நடந்தால் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் கிடைக்கிற பலன், இந்த நின்று நின்று போகிற நடையில் அப்படியே கிடைத்துவிடாது. என்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றாடம் காட்டில் பாடுபடுகிறவருக்கு முதல் தேவை ஓய்வும் நல்ல உறக்கமும்தான். அவரை நாம் விரட்டப் போவதில்லை.

நாம் கவலைப்படுவது மற்றவர்களைப் பற்றி. வேலையை விட்டு நின்றுவிட்ட பெரியவர்கள், வீட்டோடு இருக்கும் தாய்மார்கள், லாரி ஓட்டுகிறவர்கள், சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்யும் நம் பிள்ளைகள். முப்பது நாற்பது வருடம் நிரையில் நடந்த தாத்தா, வேலை நின்ற மறு நாளிலிருந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். கால் நின்றுவிட்டது. தட்டில் விழுகிற சோறு மட்டும் பழைய கணக்குத்தான். காலை, மத்தியானம், சாயந்திரம் என்று மூன்று வேளை தேத்தண்ணி, அதிலே டின் பால், அதற்கு மேல் ஒரு கரண்டி சீனி. பாட்டியும் பாசத்தில் போட்டுக் கொடுக்கிறாள், என்ன செய்வது!

இதன் விளைவைக் கணக்கிலே பாருங்கள். 2019-ஆம் ஆண்டில் அரசாங்கம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 ஆக இறங்கியது. ஆனால் முதலிடத்தில் அப்போதும் நாம்தான் இருந்தோம். அதைவிடக் கவலை தரும் செய்தி, நோய் உள்ளவர்களில் ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது என்பது. கால் விரலை எடுத்து, பாதத்தை எடுத்து, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்து என்று படிப்படியாகக் குறைந்துபோன உறவினர் ஒருவராவது இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை இருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

நடந்தால் இனிப்பு எப்படிக் குறைகிறது? சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அது தசைக்குள்ளே போவதற்கு இன்சுலின் என்கிற சாவி வேண்டும். இனிப்பு நீர் உள்ளவருக்கு அந்தச் சாவி சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை வேலை செய்யும்போது, அது அந்தச் சாவிக்குக் காத்திராமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலிலும் தொடையிலும் இருப்பவைதான் உடம்பிலேயே பெரிய தசைகள். அதனால்தான் டாக்டர்கள் நடக்கச் சொல்கிறார்கள். சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பதுகூட வீண் போகாது.

எவ்வளவு நடக்கலாம்? உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று வைத்துக்கொண்டால் போதும். வேகத்துக்குக் கைக்கடிகாரம் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. பாட்டும் வருகிறது என்றால் நீங்கள் உலாத்துகிறீர்கள், நடக்கவில்லை.

அன்றாட நடைக்குத் தோட்டத்துச் செம்மண் சாலையே போதும். ஆனால் வாரம் முழுதும் பார்த்த மரத்தையே ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க யாருக்குப் பிடிக்கும்? வார ஓய்வு நாள் என்பது முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்த தானமல்ல. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கொடுத்த உரிமை. இரட்டைச் சம்பளம் வருகிறதென்று நாம் அதை விற்றுவிடுகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறையாவது விற்காமல் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள்.

கோலா கெடாவையே முதலில் எடுத்துக்கொள்வோம். லங்காவிக்குக் கப்பலேறுகிற ஊர் என்றுதான் பலருக்குத் தெரியும். துறைக்கு எதிர்க் கரையில், ஆறு கடலில் விழுகிற இடத்தில், பழைய கோட்டை இருக்கிறது. 1770-களில் கட்டப்பட்டது. 1821-இல் சயாம் படை வந்து கெடாவைப் பிடித்தபோது இந்தக் கோட்டை போரைக் கண்டது. செங்கல் மதிலும் பீரங்கியும் இன்னும் இருக்கின்றன. தரை மட்டமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ள பாட்டிகளும் மதிலோரமாகச் சுற்றி வரலாம். மீன் படகுகள் ஆற்றில் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அரை மணி போவதே தெரியாது. இங்கே கடலோரம் சேறும் காண்டா மரமும்தான். குளிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டிக் கூட்டிப் போகாதீர்கள், பிறகு வழி நெடுக அழுகைதான்.

மேடே இல்லாத நடை வேண்டுமென்றால் வான் மாட் சாமான் கால்வாய்க் கரையைச் சொல்லலாம். 1885-இல் வெட்டத் தொடங்கி, அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வரைக்கும் சுமார் 35 கிலோமீட்டர் நேராக இழுத்த வாய்க்கால் இது. இரவிலே பந்தம் கொளுத்தி வரிசை பார்த்து நேர் பிடித்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரு பக்கமும் நெல் வயல், தூரத்தில் ஜெராய் மலை. நிழல் குறைவு. ஆகையால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். பக்கத்துச் சாலையில் வண்டி வரும், சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

மணலும் கடலும் வேண்டுமென்றால் மெர்போக் ஆற்று முகத்துக்குப் போங்கள். ஆற்றின் ஒரு பக்கம் தஞ்சோங் டாவாய், மறு பக்கம் பந்தாய் மெர்டேக்கா. இடையில் படகு ஓடுகிறது. ஏறும்போது மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு முதலில். பந்தாய் மெர்டேக்காவில் மணலிலே நடக்கலாம். ஈரம் இறுகிய மணலில் நடந்தால் கால் புதையாது. காய்ந்த மணலில் நடப்பது கெண்டைக் கால் வலிக்கிற வேலை. தஞ்சோங் டாவாயில் கருவாடும் நெத்திலியும் மலிவு என்று பை நிறைய வாங்குகிறோம். வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. இரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் மட்டும் அதை நன்றாக ஊறவைத்து, தண்ணீரை இரண்டு தடவை மாற்றி, வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையோரத்தில்தான் கோத்தா கோலா மூடா இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து வீடுகளையும் படகுகளையும் அடித்துப்போட்ட கிராமம். உடைந்த படகுகளை வைத்து நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்டி ஒன்றைச் சொல்லி வையுங்கள்: கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினால் மீன் பொறுக்க ஓடக் கூடாது, மேட்டைப் பார்த்து ஓட வேண்டும்.

காட்டு நிழல் பிடித்தவர்களுக்கு ஜெராய் அடிவாரம். மலையின் உயரம் 1,217 மீட்டர், உங்களை உச்சிக்கு ஏறச் சொல்லவில்லை. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம் இருக்கிறது. அங்கிருந்து ஓடையை ஒட்டிய மேட்டில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் உள்ளது. குவாரிச் வேல்ஸ் தம்பதியர் 1936, 37-இல் தோண்டிப் பார்த்தார்கள். 1960 வாக்கில் கல்லைக் கல்லோடு சேர்த்துத் திரும்ப அமைத்தார்கள். இராசேந்திர சோழன் 1025-இல் படையெடுத்து வந்த கடாரம் என்பது இந்தக் கெடாதான். தோட்டத்தில் பிறந்த பிள்ளை, இந்த மண்ணில் தமிழன் கால் பட்டது கித்தா மரத்தோடு வந்த கதை மட்டுமல்ல என்று தெரிந்துகொள்ளட்டும். 2013-இல் இப்பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களில் ஒன்று, வீடு கட்டும் திட்டத்துக்காக நிலத்தைச் சுத்தம் செய்தபோது உடைக்கப்பட்டது. மிச்சம் இருப்பதைப் பார்த்துவிடுவது நல்லது. வழி கொஞ்சம் ஏற்றம்தான். பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி எச்சரிக்கை. இதை அவசரமாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம்.

ஜெராய் மலையைச் சுற்றித் துப்பா, தித்தி ஹாயுன், ஸ்ரீ பெரிகி, பத்து ஹம்பார் என்று அருவிகள் பல. நம்மவர்கள் சட்டியும் கோழியுமாகக் குடும்பத்தோடு போகிற இடங்கள். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மலை மேலே பெய்த மழையால் திடீர் வெள்ளம், 'கெப்பாலா ஆயர்' என்கிறார்களே அது, கல்லையும் மரத்தையும் புரட்டிக்கொண்டு வந்தது. உயிர்கள் போயின. நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மலைத் தலையில் மட்டும் கருமேகம் இருக்கும், இதுதான் ஆபத்து. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் வரத் தொடங்கினால், மேலே இரைச்சல் கேட்டால், அந்த நொடியே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். சட்டியை எடுக்கிறேன், சிலிப்பரைத் தேடுகிறேன் என்று நிற்காதீர்கள்.

அடுத்து, கால். இனிப்பு நீர் உள்ளவர்கள் மணலிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உணர்ச்சி மரத்த காலுக்குச் சூடும் தெரியாது, சிப்பி குத்தினதும் தெரியாது. "கடல் தண்ணி பட்டா புண்ணு ஆறும்" என்று சொல்லுவார்கள், நம்பாதீர்கள். மூடின சப்பாத்தும் காலுறையும் போடுங்கள். போடுமுன் உள்ளே கை விட்டுப் பாருங்கள், கல் கிடக்கும். வீடு திரும்பியதும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பாருங்கள். கண் சரியில்லாத தாத்தாவுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், இனிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் புறப்பட வேண்டாம். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, திடீர்ப் பசி வந்தால் உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும், அல்லது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ ஏறுகிற வலியோ வந்தால், "காத்து பிடிச்சிருக்கு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இராமல் 999-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, ஆற்றுத் தண்ணீரிலும் சேற்றிலும் வருகிற காய்ச்சல்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வெட்டுக் காயத்தில் பட்டால் வருவது எலிக் காய்ச்சல், கென்சிங் திக்குஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். எலி மலிந்த செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது வேலை இடத்திலேயே வரக்கூடியது. மெலியோய்டோசிஸ் என்பது இன்னொன்று, மண்ணிலும் வயல் நீரிலும் உள்ள கிருமியால் வருவது. கெடாவில் அது உண்டு, இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. 2010-இல் பகாங், லுபோக் யூவில் ஆற்றில் மூழ்கியவரைத் தேட இறங்கியவர்களிடையே இந்த இரண்டு நோயுமே கண்டன, உயிரிழப்பும் ஏற்பட்டது. காலில் காயம் இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள். கரையோரம் நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போய் வந்து ஒரு மாதத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக் கால் வலி, கண் சிவப்பு, இருமல் எது வந்தாலும் பனடோலை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகாமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்: இன்ன தேதியில், இன்ன ஆற்றுக்குப் போயிருந்தேன் என்று.